நாற்பத்திரண்டாவது பெயர்

ஹெட்விக் ஏபர்ஸோல்டின் முப்பத்தொரு வருட உத்தியோகத்தில் கரும்புள்ளி ஒன்றே ஒன்றுதான். ‘அனுமதியின்றி ஒரு மணி பத்து நிமிடம் இருக்கையில் இல்லை. சென்ற இடம்: உருளைக்கிழங்கு வயல்.’ வேறு ஊராக இருந்தால் ஒரு மணி நேரம் என்று எழுதிவிட்டுப் போயிருப்பார்கள். பெர்ன் நகரத்துக்காரர்கள் அந்தப் பத்து நிமிடத்தையும் விடமாட்டார்கள்.

போர் நடந்த வருடங்களில் அவள் வேலை பார்த்தது, பயணிகள் வராமல் மூடிக்கிடந்த ஒரு ஹோட்டலின் மூன்றாவது மாடியில். சண்டைபோடும் நாடுகள் ஒன்றோடொன்று பேசுவதில்லை. ஆனால் அவரவர் ஆட்கள் எதிரி மண்ணில் மாட்டிக்கொண்டிருந்தார்கள். சிப்பாய்கள் மட்டுமல்ல, ஆசிரியைகள், சமையற்காரர்கள், நோயாளிகள். அவர்களுக்குக் கம்பளி கிடைத்ததா, கடிதம் போய்ச் சேர்ந்ததா என்று நடுவில் நின்று கேட்டுச் சொல்வது, எந்தப் பக்கமும் சேராத எங்கள் நாட்டின் வேலை. ஜெர்மனியில் அடைபட்ட ஆங்கிலேயர்களுக்கு 31-ஆம் அறை, அதில் ஹெட்விக். இங்கிலாந்தில் அடைபட்ட ஜெர்மானியர்களுக்கு எதிரே 34. அதில் வால்டர் கிளௌசர்.

இரண்டு அறைக்கும் நடுவே ஆறடி நடை. அந்த ஆறடியை ஒரு தாளும் நேராகத் தாண்டக்கூடாது. கீழே பதிவறைக்கு இறங்கி, வந்த நேர முத்திரை வாங்கி, மேலதிகாரியின் கையெழுத்தோடுதான் மறுபடி மாடியேற வேண்டும். முத்திரை விழாத கடிதத்தைக் கையில் வைத்திருப்பவரே படிக்காதவர் மாதிரி இருந்துவிட வேண்டும். இந்தக் கிறுக்குத்தனத்தால்தான் இரு தரப்பும் எங்களை நம்பின என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

ஹெட்விக்கும் கிளௌசரும் நாலு வருடமாகத் தினமும் நிலவறையில் ஒரே மேஜையில் சாப்பிட்டார்கள். அலுவலகப் பேச்சை மட்டும் எடுத்ததே இல்லை.

அந்த இலையுதிர் காலத்தில், நோயாளிகளையும் வயதானவர்களையும் மாற்றிக்கொள்ள இரு நாடுகளும் இசைந்தன. தலைக்குத் தலை. 31-இன் பட்டியலில் நாற்பத்திரண்டு பேர். 34-இல் ஒரு பெரியவர் ஊருக்குத் திரும்பிப் போகமாட்டேன் என்று மறுத்துவிட்டதால் நாற்பத்தொன்று. வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணிக்குப் பட்டியல் தந்தியில் போகும். அதற்குள் ஹெட்விக் தன் கடைசிப் பெயரைக் கோடு போட்டு நீக்கிவிட வேண்டும்.

கடைசிப் பெயர் வினிஃப்ரெட் ட்ராட். வயது அறுபத்தேழு. ஜெர்மானியக் குடும்பம் ஒன்றில் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லப் போனவர். அவர் அடைபட்டிருந்த முகாமைப் பார்த்துவந்தவர்களின் அறிக்கைகளையெல்லாம் தட்டச்சு செய்தவள் ஹெட்விக்தான். முதல் அறிக்கையில் அந்த அம்மாள் புத்தகம் கேட்டிருந்தார். அடுத்ததில் பூதக்கண்ணாடி. மூன்றாவதில் படித்துக்காட்ட ஓர் ஆள். நாலாவதில் எதுவுமே கேட்கமாட்டார் என்று ஹெட்விக்குக்குப் பயமாக இருந்தது.

வெள்ளிக்கிழமை மதியம் கிளௌசரின் தட்டில் வறுத்த உருளைக்கிழங்கு தொடப்படாமல் ஆறிக் கிடந்தது.

“என்ன ஹெர் கிளௌசர், உருளைக்கிழங்கோட சண்டையா?”

“பதிவறைக்காரங்க மூணு பேரும் அதைத் தோண்டத்தான் போயிருக்காங்க. இன்னிக்கு அவங்க முறையாம். முத்திரைப் பெட்டிச் சாவி அவங்கள்ல மூத்தவர் ரோத்லிஸ்பெர்கர் இடுப்புல.”

“அந்த மனுஷன் குளிக்கும்போதுகூட அதைக் கழட்டமாட்டாரே. அதுக்கென்ன இப்போ?”

கிளௌசர் தட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னார். “காலைல ஒரு கடுதாசி வந்துச்சு. ஆனா இன்னும் வரல.”

நாலு வருடத்தில் அலுவலக விஷயம் அவர் இவ்வளவு பேசியதில்லை. காது மடல் சிவந்துவிட்டது. ஹெட்விக் மேற்கொண்டு கேட்கவில்லை. கேட்டால் இருவர் வேலையும் போய்விடும்.

மாடிக்கு வந்து பென்சிலை எடுத்தாள், வைத்தாள், மறுபடி எடுத்தாள். மூன்று இருபதுக்குக் கோட்டை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டாள்.

போர்க்கால உணவுத் தட்டுப்பாட்டுக்காக விளையாட்டுத் திடலை உழுது கிழங்கு போட்டிருந்தார்கள். முட்டளவு சேற்றில் ரோத்லிஸ்பெர்கர் நிமிர்ந்தார்.

“அடடே, ஃபிராய்லைன் ஹெட்விக்! டைப் அடிச்சு விரல் தேஞ்சுபோச்சுன்னு மண்ணு தோண்ட வந்துட்டீங்களா?”

“சாவியைக் கொடுங்க.”

“சாவி என்னை விட்டுட்டுத் தனியா எங்கயும் போகாது.”

“அப்போ ரெண்டு பேருமா வாங்க.”

“எதுக்கு?”

“எனக்குத் தெரியாது. தெரியவும் கூடாது.”

பதிவறையிலேயே தலை நரைத்த மனிதர். ஒரு நிமிடம் அவளை உற்றுப் பார்த்தார். புரிந்துவிட்டது.

“சரி. இந்த வரிசையை முடிச்சிட்டு வரேன்.”

பெர்ன்காரன் பாதி வரிசையில் எழுந்து வரமாட்டான். வீடு பற்றி எரிந்தாலும் வரமாட்டான். ஹெட்விக்குக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன. தர்க்கம் பண்ண நேரமில்லை. அலுவலகப் பாவாடையோடு வரிசையின் மறுமுனையில் மண்டியிட்டு, வெறுங்கையால் தோண்ட ஆரம்பித்தாள்.

“வெட்டுப்படாம எடுங்க!” என்று அந்த முனையிலிருந்து கத்தினார் அவர்.

நாலரைக்கு இருவரும் படியேறினார்கள். நாலு முப்பத்தைந்துக்குக் கிளௌசரின் கடிதத்தில் முத்திரை விழுந்தது. அதில் இருந்தது இவ்வளவுதான்: ஜெர்மனியில் பிரேமன் நகரில் குண்டு விழுந்து அந்தப் பெரியவரின் வீடு போய்விட்டது, மனைவி தனியாக இருக்கிறாள், அவர் போகச் சம்மதம். ஐந்துக்கு ஆறு நிமிடம் இருக்கும்போது, ‘34: நாற்பத்திரண்டு’ என்ற தாள் கையெழுத்தோடு ஹெட்விக்கின் மேஜைக்கு வந்தது. நகக்கண்ணில் மண்ணோடு அவள் பட்டியலை அப்படியே தந்திக்குக் கொடுத்தாள்.

ஐந்து வாரம் கழித்து ஒரே தபால் தட்டில் இரண்டு தாள்கள் வந்தன. மேலே இருந்தது கண்டனம். படித்துக் கையெழுத்துப் போட்டாள். கீழே இருந்தது ஆட்களை ஒப்படைத்ததற்கான ரசீது. ‘வந்தவர்கள் 42. குறைவு இல்லை.’ அதை மூன்று முறை படித்தாள். பிறகு கதவைச் சாத்திக்கொண்டு நன்றாக அழுதாள்.

மதியம் கிளௌசர் தன் வாரப் பங்கு வெண்ணெய் முழுவதையும் அவள் பக்கம் தள்ளினார்.

“டாக்டர் எனக்கு வெண்ணெய் ஆகாதுன்னுட்டாரு.”

“எந்த டாக்டர்?”

“அதை நான் சொல்லக்கூடாது.”

அவள் தட்டில் இருந்தது, ரேஷன் விதிப்படி இரண்டு நாள் காயவைத்து விற்ற ரொட்டி. ஹெட்விக் அதன்மேல் வெண்ணெயைக் கனமாகத் தடவி, ஒரு துணுக்கு மிச்சம் வைக்காமல் சாப்பிட்டாள்.