பருத்திப்பட்டு வளைவில் ஒரு போர்டு

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் ஆவடியில் டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட் நடத்திக்கொண்டிருந்தேன். ஒருநாள் பருத்திப்பட்டுப் பள்ளிக்கூட வளைவில் ஸ்கூட்டரில் வேகமாகப் போன என்னைப் போக்குவரத்துக் காவலர் மறித்தார்.

"இங்க முப்பதுக்கு மேல போகக்கூடாது சார்."

"அப்படின்னா போர்டு வைக்கணும், அது கண்ணுக்குத் தெரியணும். அதான் சட்டம். எங்க போர்டு?" கூட்டம் கூடும்படி கத்தினேன்.

"இங்கதானே இருந்துச்சு..." என்று தேடியவர், முகம் சுருங்கி, "போங்க சார்" என்றார்.

மிதப்பாக ஸ்கூட்டரைக் கிளப்பியபோது, காலில் மாவுக்கட்டோடு பூ விற்றுக்கொண்டிருந்த ஓர் அம்மா கூப்பிட்டார்.

"என்னை இட்ச்சிட்டுப் போன வேன்காரனும் இதத்தான் சொன்னான் நைனா. போர்டு அங்கதான் கீது. எவனோ போஸ்டர் ஒட்டி மறைச்சிட்டான்."

திரும்பிப் பார்த்தேன். கம்பத்திலிருந்த வட்டப் பலகையை மூடியிருந்தது என் இன்ஸ்டிடியூட் விளம்பரம். எல்லார் கண்ணிலும் படும் இடமாகப் பார்த்து நானே பசை தடவி ஒட்டியது.

இறங்கிப்போய் நகத்தால் சுரண்டினேன். முப்பது மெல்லத் தெரிந்தது.

"உனுக்காவது மனசு வந்துச்சே, நல்லா இருப்பே நைனா" என்றார்.

அந்த எவனோ நான்தான் என்று சொல்லியிருக்கலாம். ஊரைக் கூட்டிச் சட்டம் பேசிய வாய் அப்போது திறக்கவில்லை. அந்த வாழ்த்தை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.