ரிஸ்கெல்தி வேனில் செவ்வாய்க்கிழமை

எங்கள் மலையூர் அத்பாஷியில் ரிஸ்கெல்தியின் வேனில் போவதானால் முதல் நாள் இரவே குல்லாவை மாட்டிக்கொண்டு படுக்க வேண்டும் என்று கேலி பேசுவார்கள். காலை ஐந்து மணி என்றால் ஐந்து மணிதான். ஒரு நிமிடம் பிந்தி வருபவருக்கு வேனின் பின்விளக்குதான் தெரியும். ஒருமுறை வழியில் கொச்கோரில் டீ குடிக்க நிறுத்தியபோது, கழிப்பறைக்குப் போன சொந்த மைத்துனனையே விட்டுவிட்டு தலைநகர் பிஷ்கேக் போய்ச் சேர்ந்தவன் அவன். "அவன் கெட்டிக்காரன், வேற வண்டி புடிச்சு வந்துருவான்னு தெரியும்" என்று மனைவி ஜஸ்குலிடம் சமாதானம் சொன்னான். அவள் மூன்று நாள் அவனோடு பேசவில்லை.

நான் சந்தையில் குழந்தைகள் உடுப்பு விற்பவள். சரக்கெடுக்க ஒவ்வொரு செவ்வாயும் அவன் வண்டியில்தான் போகிறேன், ஒன்பது வருடமாக. அதனால் அவன் வீட்டு நல்லது கெட்டது எல்லாம் எனக்குத் தெரியும்.

அவர்களுக்கு இரண்டாவது பெண் சாய்க்கல் பிறந்தபோது, அவளுடைய இரண்டு பாதமும் உள்பக்கமாக மடங்கி ஒன்றையொன்று பார்த்துக்கொண்டிருந்தன. தொட்டிலில் இறுக்கிக் கட்டி வைத்தால் நேராகிவிடும் என்றார் ரிஸ்கெல்தியின் பெரியப்பா. பக்கத்து நகரமான நாரினில் பார்த்த டாக்டர் அதைக் கேட்டுத் தலையிலடித்துக்கொண்டு, பிஷ்கேக்கில் இதற்கென்றே வெனேரா என்று ஒரு டாக்டரம்மா இருக்கிறார், உடனே போங்கள் என்று எழுதிக் கொடுத்தார். வாராவாரம் பாதத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பி, தொடை வரை மாவுக்கட்டு போடுவார்கள். அடுத்த வாரம் அதைப் பிரித்துவிட்டு இன்னும் கொஞ்சம் திருப்பிப் புதுக்கட்டு.

அடுத்த செவ்வாய் ரிஸ்கெல்தி எங்களிடம் அறிவித்தான். "இனிமே செவ்வாக்கெழமை என் குடும்பமும் வண்டில வரும். குழந்த அழுவா. புடிக்காதவங்க புதன்கெழம வாங்க."

ஒருவரும் புதன்கிழமைக்கு மாறவில்லை.

முன்சீட்டில் மல்யுத்த வாத்தியார் கச்கின். அவர் உட்கார்ந்தால் அது ஒரு ஆளுக்கான சீட் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். நடுவில் ஜஸ்குல், மடியில் குழந்தை, பக்கத்தில் ஐந்து வயதான மூத்த மகள் நூரியா, பிறகு நான். பின்னால் மூன்று பேர், வாரத்துக்கு வாரம் மாறுவார்கள்.

டாக்டரம்மா ஒரு நிபந்தனை போட்டிருந்தார். பழைய கட்டை அன்று காலையில்தான் பிரிக்க வேண்டும், முதல் நாளே பிரித்தால் பாதம் பழையபடி திரும்பிவிடும். பிஷ்கேக் போகவே ஆறு மணி நேரம் ஆகும். எனவே ரிஸ்கெல்தி ஒரு வழி கண்டுபிடித்தான். கொச்கோர் டீக்கடையில் ஒரு தொட்டி வெந்நீர், அதில் கொஞ்சம் வினிகர். குழந்தையின் காலைக் கால்மணி நேரம் ஊறவைத்துவிட்டு, ஓடுகிற வண்டியில் பிரிப்பது.

"ஏன், டீக்கடையிலயே உக்காந்து பிரிச்சா என்ன?" என்று கேட்டேன்.

"ஒரு மணி நேரம் போயிரும் அக்கா."

மாவுக்கட்டைப் பிரிப்பதில் முக்கால்வாசி வேலை நுனியைக் கண்டுபிடிப்பதுதான். ஆளாளுக்குத் தேடுவோம். கிடைத்ததும் துணி சுருள் சுருளாக வரும். வண்டி முழுக்க வெள்ளைச் சேறு. கச்கின் முன்சீட்டிலிருந்து திரும்பிக் கையை நீட்டுவார். "இங்க குடும்மா. எத்தன பசங்க கையில கட்டுப் பிரிச்சிருக்கேன் தெரியுமா?"

முதல் இரண்டு வாரம் வாயே திறக்காத ஜஸ்குல், மூன்றாவது வாரம் சொன்னாள். "நீங்க ஒடச்ச கையத்தான பிரிச்சிருப்பீங்க அண்ணே."

பின்சீட்டில் சிரிப்பு அடங்க வெகுநேரம் ஆனது. வாத்தியாரும் சிரித்தார், கொஞ்சம் தாமதமாக.

ஆறாவது செவ்வாய்தான் மறக்க முடியாதது. கொச்கோரில் ஊறவைத்து, அணைக்கட்டைத் தாண்டும்போதே கட்டு முழுவதும் பிரித்தாகிவிட்டது. போம் கணவாயில் நுழைந்தால் முன்னால் வண்டி வரிசை. மலையிலிருந்து பாறை சரிந்து ரோட்டை அடைத்திருந்தது. போனில் சிக்னல் இல்லை. குழந்தையின் இரண்டு காலும் வெறுமையாக, சுருங்கிய தோலோடு, ரோஜா நிறத்தில் இருந்தன.

"கட்டுப் பிரிச்சா மூணு மணி நேரத்துல டாக்டரம்மா முன்னாடி இருக்கணும்னு சொன்னாங்க" என்றாள் ஜஸ்குல். "பாதம் திரும்பிருச்சுன்னா அஞ்சு வாரமும் வீண்."

"திரும்பாம புடிச்சுக்குவோம்" என்றார் கச்கின். "எப்படிப் புடிக்கணும், காட்டு."

டாக்டர் செய்வதைப் பார்த்துப் பார்த்து ஜஸ்குலுக்குப் பழகியிருந்தது. முட்டியை மடக்கு, கட்டைவிரல் இந்த மேட்டின்மேல், அழுத்தாதே, விரல்களால் முன்பாதத்தை வெளிப்பக்கமாகத் தாங்கு. வலது பாதம் கச்கின் கையில், இடது பாதம் என் கையில். சாய்க்கல் பால் குடித்துக்கொண்டே தூங்கிப்போனாள்.

நாலு மணி நேரம். கை மரத்துப்போனால் பின்சீட்டு ஆட்கள் மாறிக்கொள்வார்கள். ஆனால் கச்கின் மட்டும் விட்டுக்கொடுக்கவில்லை. நூரியா அவர் வாயில் உப்பிட்டுக் காயவைத்த தயிருருண்டையாகப் போட்டுக்கொண்டிருந்தாள். ஐந்தாவது உருண்டையில் "போதும்டி தங்கம், தண்ணி குடு" என்று கெஞ்சினார்.

ரிஸ்கெல்தி நான்கு தடவை நடந்துபோய் ரோட்டு வேலைக்காரர்களிடம் சண்டை போட்டுவிட்டு வந்தான். நான்காவது தடவை வந்தவன் கதவுப்படியில் உட்கார்ந்தான். என் கையிலிருந்த பாதத்தை வாங்கிக்கொண்டான். பனியில் தோலோன் கணவாயை ஒற்றைக் கையால் ஓட்டிக் கடக்கிறவன். அந்தப் பாதத்தை இரண்டு கையாலும் ஏந்திப் பிடித்தான்.

"நடப்பாளா அக்கா?" என்று மெல்லக் கேட்டான். ஆறு வாரத்தில் அவன் அதைக் கேட்டது அப்போதுதான்.

"நடப்பா. உன்ன மாதிரி யாருக்கும் நிக்காம நடப்பா."

ஜஸ்குல் என்னைப் பார்த்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அந்தக் கொணம் மட்டும் வேணாம்" என்றாள்.

ஒன்றரை மணிக்கு வழி விட்டார்கள். அன்று அவன் ஓட்டியது போல் மெதுவாக என்றுமே ஓட்டியதில்லை. ஒவ்வொரு குழிக்கும் கச்கின், "பாத்து, பாத்து, கை நழுவுது" என்றார். ஆஸ்பத்திரி போய்ச் சேரும்போது மணி நாலரை. டாக்டர் வெனேரா வீட்டுக்குக் கிளம்பக் கோட்டை மாட்டிக்கொண்டு தாழ்வாரத்தில் நின்றிருந்தார். நாங்கள் அத்தனை பேரும் உள்ளே போனோம். வேலையை யாரும் நினைக்கவில்லை.

அவர் இரண்டு பாதத்தையும் திருப்பிப் பார்த்தார். "நல்லா இருக்கே. ஏன் எல்லாரும் இப்படிப் பயந்து நிக்கிறீங்க?"

ஜஸ்குல் நடந்ததைச் சொன்னாள்.

"ஏழெட்டு மணி நேரத்துல ஒண்ணும் ஆகாது. ராத்திரி பூரா விட்டாத்தான் கவலப்படணும். சீக்கிரம் வரட்டும்னுதான் மூணு மணி நேரம்னு சொல்றது."

"அப்ப நாங்க புடிச்சது?" என்றார் கச்கின்.

"குழந்த நல்லாத் தூங்கியிருக்கா" என்றார் டாக்டர், கையைக் கழுவிக்கொண்டே.

கச்கின் அதை இன்றுவரை ஒப்புக்கொள்ளவில்லை. வலது பாதம் தன்னால்தான் நேரானது என்று மல்யுத்தப் பையன்களிடமெல்லாம் சொல்கிறார். இடதைப் பற்றி நான் ஒன்றும் சொல்லிக்கொள்வதில்லை. சந்தையில் கேட்டால் மட்டும் சொல்வேன்.

அடுத்த வாரம் குதிகாலுக்கு மேலே இருக்கும் தசைநாணை ஒரு சின்ன வெட்டு வெட்டித் தளர்த்தினார்கள். ஐந்து நிமிட வேலை. சாய்க்கல் இரண்டு நிமிடம் அழுதாள். வெளியே பெஞ்சில் இருந்த ரிஸ்கெல்தி மயங்கிச் சரிந்தான். நர்ஸ்கள் குழந்தையை விட்டுவிட்டு அவனுக்குச் சர்க்கரை போட்ட டீ கொடுத்தார்கள். இதை யாரிடமும் சொல்லக்கூடாது என்று ஜஸ்குலிடம் சத்தியம் வாங்கினான். பாவம், நூரியாவிடம் வாங்க மறந்துவிட்டான்.

மூன்று வாரம் கழித்துக் கடைசிக் கட்டு கழன்றதும் பூட்ஸ் வந்தது. இரண்டு குட்டி பூட்ஸ், நடுவில் ஒரு இரும்புப் பட்டை. முதல் மூன்று மாதம் குளிக்கும் நேரம் தவிர எப்போதும், பிறகு நாலு வயதுவரை தூங்கும்போது மட்டும். இரண்டே நாளில் அது என்ன ஆயுதம் என்று சாய்க்கல் தெரிந்துகொண்டாள். இரண்டு காலையும் சேர்த்துத் தூக்கி இறக்குவாள். கச்கினுக்கு நெற்றியில் புடைப்பு, எனக்கு முழங்காலில் நீலம், வேன் சன்னலில் ஒரு கீறல். "இவள எங்கிட்ட விடுங்க, பெரிய பயில்வானாக்கிடறேன்" என்றார் வாத்தியார், நெற்றியைத் தடவிக்கொண்டே.

போன இலையுதிர்காலத்தில் சாய்க்கலுக்கு நாலு வயது முடிந்தது. டாக்டர் அவளை நடக்கச் சொன்னார், குந்தச் சொன்னார், தாழ்வாரத்தில் ஓடச் சொன்னார். ஓடியவளைப் பிடித்து வர ஆள் அனுப்ப வேண்டியிருந்தது. "இனி பூட்ஸ் வேண்டாம்" என்று எழுதிக் கொடுத்தார். ஜஸ்குல் அந்தத் தாளை மடித்துக் கைப்பையில் வைத்தாள். வேனில் ஏறியபிறகு அதை மறுபடி எடுத்துப் படித்தாள்.

இந்த ஜூனில், அவர்கள் கோடையில் கூடாரம் போட்டுத் தங்கும் மேய்ச்சல் மலைக்குப் போயிருந்தேன். சாய்க்கல் எந்தச் செருப்பையும் காலில் வைக்க விடவில்லை. வெறுங்காலோடு கன்றுக்குட்டிகள் பின்னால் ஓடிக்கொண்டிருந்தாள். கல் குத்தும் என்று நான் கூப்பிட்டேன்.

"விடுங்க அக்கா, இவ்வளவு நாள் பூட்ஸோட தூங்குனவ" என்றாள் ஜஸ்குல்.

சற்று நேரத்தில் பசிக்கிறது என்று சாய்க்கல் ஓடி வந்தாள். கணுக்கால்வரை பச்சைச் சாணி. அப்படியே கூடாரத்துக்குள் நுழைந்து புதுக் கம்பளத்தின்மேல் ஏறி நின்று ரொட்டியும் பாலாடையும் கேட்டாள். ஜஸ்குல் போட்ட சத்தம் ஆற்றுக்கு அந்தப் பக்கக் கூடாரம்வரை கேட்டிருக்கும்.