பிள்ளையைக் கீழே விடுங்கள்!

மூன்று வாரத்துக்கு முன்னால் பாளையங்கோட்டையில் ஒரு குழந்தைகள் டாக்டர் எங்கள் குடும்பத்தையே திட்டி அனுப்பினார். சிரித்துக்கொண்டேதான் திட்டினார். ஆனாலும் திட்டு திட்டுதானே?

விஷயம் இதுதான். என் மகள் ஷைனிக்கு ஒரு வயது ஐந்து மாதம். இன்னும் நடக்கவில்லை. பக்கத்து வீட்டுக் குழந்தையோ பதினோரு மாதத்திலேயே எழுந்து, எங்கள் வாசலில் கிடந்த என் செருப்பைத் தூக்கிக்கொண்டு போய்விட்டது. ஷைனி அதை என் தோளில் இருந்தபடி வேடிக்கை பார்த்தாள்.

"பிள்ளை நடந்துட்டாளா?" என்று தெருவில் யாராவது கேட்காத நாள் இல்லை. என் மனைவி ஜெபா சிரித்துச் சமாளிப்பாள். உள்ளே வந்து கண்ணைத் துடைத்துக்கொள்வாள்.

டாக்டர் ஷைனியின் காலை மடக்கினார், நீட்டினார், பிடித்து நிறுத்திப் பார்த்தார். பிறகு கேட்டார்: "பிள்ளை ஒரு நாளைக்கு எவ்வளவு நேரம் தரையில இருக்கும்?"

எங்களுக்குக் கேள்வியே விளங்கவில்லை. தரையிலா?

கூட வந்திருந்த என் அக்கா முந்திக்கொண்டாள். அக்காவும் அத்தானும் எங்களோடுதான் இருக்கிறார்கள். அவர்களுக்கும் ஷைனிதான் பிள்ளை. "எங்க வீட்டுல பிள்ளையத் தரையில விடுறதே கிடையாது சார்! மொசைக் தரைல்லா... குளிரும்" என்றாள், பரிசு வாங்கப் போகிறவள் மாதிரி.

"நாலு பேரும் மாத்தி மாத்தித் தூக்கிட்டே இருந்தா அது எதுக்கும்மா நடக்கணும்? பிள்ளை காலுக்கு ஒண்ணுமில்ல. உங்க கையத்தான் கட்டிப்போடணும்!"

ஆட்டோவில் ஜெபா ஷைனியின் பாதத்தைத் தடவிக்கொண்டே வந்தாள். நானும் தொட்டுப் பார்த்தேன். அத்தனை மிருது. வழக்கமாகக் கொஞ்சத் தோன்றும். அன்று பயமாக இருந்தது. நாங்களே பிள்ளையின் காலைக் கெடுத்துவிட்டோமா?

அன்றே வீட்டில் சட்டம் போட்டோம் — இனி யாரும் தூக்கக் கூடாது. டீப்பாயை ஓரங்கட்டி, ஹாலில் பாய் விரித்து ஷைனியை இறக்கினோம். அவள் எங்களை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு இரண்டு கையையும் மேலே தூக்கினாள். அவ்வளவுதான்... சட்டம் பத்து நிமிடம்கூடத் தாங்கவில்லை. முதலில் மீறியவர் அத்தான். எறும்பு காரணமாம்.

"எறும்பா? எங்கன இருக்கு?" என்றாள் அக்கா.

"வந்துரும்லா!" என்றார் அத்தான்.

மறுநாள் அக்கா தூக்கினாள் — பிள்ளை தும்மினாளாம். நானா? அதை விடுங்கள். இப்படியே இரண்டு வாரம் ஓடியது.

போன சனிக்கிழமை எங்கள் சர்ச்சில் அசனம். சபையே சேர்ந்து அண்டா அண்டாவாகச் சமைத்து, டாக்டரும் டிரைவரும் ஒரே பந்தியில் தரையில் உட்கார்ந்து சாப்பிடுகிற விருந்து. நாங்கள் நாலு பேரும் வரிசையாக உட்கார்ந்தோம். ஷைனி ஜெபாவின் மடியில், புது வெள்ளை ஃபிராக்கில்.

ஆட்டுக்கறிக் குழம்பு வாளி கொதிக்கக் கொதிக்க வந்தது. பிள்ளை மேல் சிந்திவிடப்போகிறது என்று ஜெபா அவளைத் தன் முதுகுக்குப் பின்னால் ஜமுக்காளத்தில் இறக்கினாள்.

"மைனி, பிள்ளையக் கொஞ்சம் பிடிங்க" என்றாள் அக்காவிடம்.

"கையெல்லாம் குழம்பு! ஃபிராக்கு வேற வெள்ளை. உங்க அண்ணன்ட்ட சொல்லு."

அண்ணன் என்கிற என் அத்தான் ஒரு எலும்போடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். எனக்கு வலது கையில் குழம்பு. இடது கையில், காற்றுக்குப் பறக்கப் பார்த்த இலை.

ஷைனி சிணுங்கிப் பார்த்தாள். பலனில்லை. அம்மாவின் முதுகைப் பிடித்து எழுந்தாள். அடுத்து என் முதுகு. அப்புறம் அக்கா, அத்தான்... நெருக்கியடித்து உட்கார்ந்த பந்தியின் முதுகெல்லாம் சரியாக அவள் கைக்கு எட்டுகிற உயரம்! எங்கள் முதுகுகள் தீர்ந்த பிறகும் அவள் நிற்கவில்லை.

"ஏலே, யாரு பிள்ளை இது? முதுகப் பிடிச்சிட்டே பைய போவுது!" என்றார் கடைசியில் இருந்த அண்ணாச்சி.

அவரோடு பந்தி முடிந்தது. நாலைந்து எட்டு தள்ளி, தண்ணீர் டிரம் பக்கத்தில் ஒரு எவர்சில்வர் டம்ளர் வெயிலில் மின்னியது. ஷைனி அதைப் பார்த்தாள். பிடியை விட்டாள். அண்ணாச்சி பதறிக் கையை நீட்டினார்.

"தொடாதீங்க அண்ணாச்சி! அவ போவட்டும்!"

கத்தியது யார் என்கிறீர்கள்? ஜெபா! பந்தியே திரும்பிப் பார்த்தது.

ஓர் எட்டு. ஓர் ஆட்டம். இன்னோர் எட்டு... பொத்தென்று விழுந்தாள். ஜெபா உதட்டைக் கடித்துக்கொண்டு இருந்த இடத்திலேயே இருந்தாள். ஷைனி அழலாமா என்று யோசித்தாள். டம்ளரைப் பார்த்தாள். கையை ஊன்றித் தானே எழுந்தாள். மூன்று... நாலு... டம்ளரைப் பிடித்துவிட்டாள்!

ஜெபா அழுதாள். குழம்புக் கையாலேயே கண்ணைத் துடைத்ததில் இன்னும் அதிகமாக அழுதாள். நான் பிடித்திருந்த இலையை மறந்தேன்; அது பறந்தே போனது.

பிள்ளை நடப்பதற்கு வாக்கர், ஷூ, எண்ணெய் என்று என்னென்னவோ சொல்கிறார்கள். பெரியவர்கள் கொஞ்ச நேரம் தங்கள் சாப்பாட்டைப் பார்த்தாலே போதும் போலிருக்கிறது.

இப்போது வீட்டில் யாரும் டைனிங் டேபிளில் சாப்பிடுவதில்லை. மூன்று வேளையும் ஹாலில், தரையில், வரிசையாக. ஷைனி ஜம்மென்று எழுந்து நடந்துவிடுகிறாள் — அத்தானை எழுப்பத்தான் இரண்டு பேர் வேண்டியிருக்கிறது!