விஷமம் என்ற சொல்

ஒரு பெண்ணின் ஆட்டத்தை நான் கெடுத்தேன். பழி அவளுடைய அப்பா மேல் விழுந்தபோது வாயை மூடிக்கொண்டேன்.

நேற்று எங்கள் இளைஞர் மன்றத் தலைவி ஓமனா டீச்சருக்குப் பணிநிறைவு விழா. அவர் மலையாளி. கிழக்கேகோட்டைப் பக்கத்துத் தமிழ்க் குடும்பங்களோடு அவர் பேசும்போதெல்லாம் மொழிபெயர்த்தவன் நான். சங்கரன்கோவிலிலிருந்து திருவனந்தபுரம் வந்த புதிதில், "மலையாளமா? எனக்குத் தண்ணி பட்ட பாடு!" என்று புளுகி வாங்கிய வேலை அது.

முத்துச்செல்வி அப்போது மன்றத்தின் வாலிபால் அணியில் இருந்தாள். என்னமாய் ஆடுவாள்! வீட்டு வேலையால் சில நாள் பயிற்சிக்கு வரவில்லை. டீச்சர் அவள் அப்பாவை, கொத்தனார் மாடசாமி அண்ணனை, அழைத்துச் சொன்னார்: "மோள் களிக்கான் வராத்ததில் எனிக்கு வலிய விஷமமுண்டு."

நான் கம்பீரமாக மொழிபெயர்த்தேன்: "ஒங்க மக பெரிய விஷமக்காரியாம்ணே. அதான் டீச்சருக்குக் கோவம்."

அவர் முகம் செத்துப்போயிற்று. "பொம்பளப் புள்ளயப் பத்தி இப்பிடி ஒரு பேச்சு கேக்கவா அனுப்புனேன்? இனிமே அவ இங்க வரவேண்டாம்னு சொல்லிருங்க தம்பி."

அதை மட்டும் பிழையில்லாமல் மொழிபெயர்த்தேன்!

சில மாதம் கழித்து, பக்கத்தில் ஒரு சாவு வீடு. "வலிய விஷமமாயிப்போயி" என்று சொல்லிச் சொல்லி எல்லோரும் கண்ணைத் துடைத்தார்கள். அப்போதுதான் எனக்கு உறைத்தது. இங்கே விஷமம் என்றால் வருத்தம்... மகள் ஆட வராததில் பெரிய வருத்தம் என்றுதான் டீச்சர் சொல்லியிருக்கிறார்!

அன்றே மாடசாமி அண்ணன் வீட்டுக்கு ஓடியிருக்க வேண்டாமா? ஓடவில்லை. புளுகு வெளிப்பட்டால் வேலை போய்விடுமே... "ஆ அச்சனு பெண்குட்டி களிக்குன்னது இஷ்டமில்லா" என்று, மகள் ஆடுவது பிடிக்காதவராக அந்தத் தகப்பனை டீச்சர் குறைசொல்லும்போதெல்லாம் தலையாட்டினேன். சீ! என்ன பிழைப்பு!

நேற்று மேடையில், தமக்குப் போர்த்திய பொன்னாடையை எடுத்து டீச்சர் என் தோளில் போட்டார். நான் இல்லையென்றால் தமிழர் மனம் தமக்குத் தெரிந்தே இருக்காது என்றார். ஒரே கைதட்டல்!

விழா முடிந்து மாலைகளை ஆட்டோவில் ஏற்றும்போது எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன்.

அந்த அப்பாவி மனிதரை என்னவெல்லாம் சொல்லிவிட்டேன் என்று அவர் தலையில் கைவைத்தார். "ஈஸ்வரா... ஆ பாவத்தினெ ஞான் எந்தெல்லாம் பறஞ்ஞு!"

அப்பாடா! உங்களுக்கு எப்படிச் சொல்வேன்... எனக்கு அப்போதுதான் மூச்சே வந்தது. கண்ணில் நீர் வந்தது, சிரிப்பும் வந்தது.

ஆட்டோ கிளம்புமுன் டீச்சர் கேட்டார்: "என்னோடு பறஞ்ஞு, சரி. அவளோடு பறஞ்ஞோ?"

முத்துச்செல்வியிடம் சொன்னாயா என்ற அந்தக் கேள்வியோடும் நேற்று நன்றாகத் தூங்கினேன். பாரம் அவ்வளவு இறங்கியிருந்தது! இதையும் உங்களிடம் மறைக்கப்போவதில்லை.

முத்துச்செல்வி இப்போது பழவங்காடியில் ஒரு துணிக்கடையில் வேலை செய்கிறாள். இத்தனை காலம் அவளைத் தூரத்தில் கண்டாலே எதிர்ப்பக்கம் போய்விடுவேன். இன்று துணிந்து கடைக்குள் ஏறினேன். அவளே ஓடி வந்தாள்.

"வாங்கண்ணே! நேத்து டீச்சருக்கு விழாவாமே? வரணும்னுதான் நெனச்சேன்... அவங்களுக்கு இன்னும் எம்மேல கோவமாண்ணே?"

"இல்லம்மா" என்றேன். கைக்குட்டை வாங்க வந்தவன்போல் ஒன்று வாங்கிக்கொண்டு திரும்பிவிட்டேன்.