அப்பாவின் பெயருக்கு ஓம் என்றேன்

வெள்ளிக்கிழமை பின்னேரம் வெள்ளவத்தைச் சந்தையில் கத்தரிக்காய் பொறுக்கிக்கொண்டு நின்றபோது கைத்தொலைபேசி அடித்தது. நாங்கள் போய்வரும் தனியார் ஆஸ்பத்திரியிலிருந்து ஒரு நேர்ஸ். அப்பாவின் பெயரைச் சொல்லி, "மஹத்தயாதானே கதைக்கிறது?" என்று சிங்களத்தில் மரியாதையாகக் கேட்டார். நான் ஓம் என்றேன்.

ஊசி குத்தி எடுத்த ரிப்போர்ட் வந்துவிட்டதாம். திங்கட்கிழமை நான்கு மணிக்கு டொக்டரைக் கட்டாயம் பார்க்க வேண்டுமாம். "தனியாக வரவேண்டாம். வீட்டு ஆள் ஒருவரையும் கூட்டிக்கொண்டு வாருங்கள்" என்று மிக மெதுவாகச் சொல்லிவிட்டு வைத்துவிட்டார். அந்த மெதுவான குரல்தான் என்னைக் கொன்றது. ஆஸ்பத்திரிக்காரர்கள் எரிந்து விழுந்தால் பயமில்லை. அன்பாகப் பேசினால்தான் பயம்.

நான் பயந்தாங்கொள்ளி. தலையிடித்தாலே மூளையில் கட்டி என்று முடிவு கட்டுகிற ஆள். ஆனால் இந்த முறை கட்டி உண்மையாகவே இருந்தது. சவரம் செய்யும்போது கழுத்தில் சுண்டைக்காய் அளவில் தட்டுப்பட்டது. நான் அதைத் தடவித் தடவிப் பார்ப்பதைக் கண்ட அப்பா, "எனக்கும் கிடக்கு, ரெண்டு வரியமா" என்று தன் கழுத்தைக் காட்டினார். எழுபத்தாறு வயது மனிதர், எங்களோடு ஒரே தொடர்மாடி வீட்டில் இருந்துகொண்டு இரண்டு வருடம் வாய் திறக்கவில்லை! அவரைத் திட்டியபடியே கூட்டிக்கொண்டு போனேன். ஒரே டொக்டர், ஒரே நாள். ஒருவர் பின் ஒருவராகக் கழுத்தில் ஊசி குத்திக்கொண்டு வந்தோம். இரண்டு படிவத்திலும் என் தொலைபேசி இலக்கத்தைத்தான் எழுதிக் கொடுத்தேன்.

காலி வீதியைக் கடக்கும்போதுதான் உறைத்தது. நேர்ஸ் சொன்னது என் பெயரே அல்ல.

எங்களுக்குக் குடும்பப் பெயர் என்று ஒன்று கிடையாது. தகப்பன் பெயர் முன்னால், சொந்தப் பெயர் பின்னால். ஆகவே என் முழுப்பெயர் அப்பாவின் பெயரில் தொடங்குகிறது. வங்கியிலும் விமான நிலையத்திலும் முதற்சொல்லைப் பார்த்து அப்பாவின் பெயரால்தான் என்னைக் கூப்பிடுவார்கள். திருத்தித் திருத்திக் களைத்து, அந்தப் பெயருக்கு எழுந்து போவது பழக்கமாகிவிட்டது. அப்பாவின் முழுப்பெயரோ எப்போதோ காலமாகிவிட்ட அப்பப்பாவின் பெயரில் தொடங்கி, அப்பாவின் சொந்தப் பெயரில் முடிகிறது. ஆக, அந்த ஒரு பெயர் என் கோப்பில் முன்னால் இருக்கிறது, அப்பாவின் கோப்பில் பின்னால் இருக்கிறது. கந்தோர்களில் சிலர் முன்சொல்லை வாசிப்பார்கள், சிலர் பின்சொல்லை. இந்த நேர்ஸ் எந்த வகை?

வீதியோரம் நின்றே திரும்ப எடுத்தேன். அந்த நேர்ஸ் வேலை முடிந்து போய்விட்டாராம். இரண்டு ரிப்போர்ட்டும் டொக்டரின் கையில் இருக்கின்றனவாம்; டொக்டர் இனித் திங்கட்கிழமைதான் வருவாராம். இன்னும் மூன்று தரம் எடுத்தேன். நான்காவது தரம் என் குரலைக் கேட்டதும் தொடர்பைத் துண்டித்துவிட்டார்கள்.

வீட்டுக்குப் போய், அறைக் கதவைச் சாத்திவிட்டு மனைவியிடம் சொன்னேன்.

"யாருட ரிப்போர்ட், வயசென்ன எண்டு கேக்கத் தெரியாதா உங்களுக்கு? ஏன் ஓம் எண்டு சொன்னீங்க?"

"பழக்கத்தில சொல்லிப்போட்டன்."

"எங்கட வீட்டில எண்டா இப்பிடி ஒரு கரைச்சலே வராது" என்று சொல்லிவிட்டு அழத் தொடங்கினாள்.

அவள் கொட்டாஞ்சேனைக் கத்தோலிக்கப் பெண். போர்த்துக்கேயர் காலத்தில் ஞானஸ்நானத்தோடு வந்த ஒரு குடும்பப் பெயர் அவர்கள் எல்லோருக்கும் இருக்கிறது. உண்மையில் அந்த வீட்டுக்கு இப்படி அழைப்பு வந்திருந்தால் ஏழு பேர் ஓம் சொல்லியிருப்பார்கள். அதைச் சொல்லி அவளைச் சிரிக்கவைக்கலாமா என்று யோசித்தேன். அதற்குப் பதிலாக முகம் துடைக்க ஒரு துவாயை எடுத்துக் கொடுத்தேன்.

சனிக்கிழமை, ஏழு வயது மகள் புதுக் கொப்பிகளுக்கு உறை போட்டுப் பெயர் எழுதிக்கொண்டிருந்தாள். முதலில் என் பெயர், பிறகு அவளுடையது. என் பெயர் நீளம். அதை எழுதி முடிப்பதற்குள் ஒட்டுத்தாளில் இடம் தீர்ந்து, அவளுடைய பெயர் மூலைக்குள் நெரிந்து கிடந்தது. "உங்கட பேர் ஏன் அப்பா எப்பவும் முன்னுக்கு நிக்குது?" என்று கோபித்தாள். நான் குளியலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டேன். நான் செத்துப்போனாலும் பரீட்சை மண்டபத்திலும் வங்கியிலும் இவளை என் பெயரால் கூப்பிடுவார்கள். ஒவ்வொரு முறையும் இவள் எழுந்து போவாள். இவள் வளர்வதைப் பார்க்காமல் போகக் கூடாது, அவ்வளவுதான் எனக்கு வேண்டியிருந்தது.

ஞாயிற்றுக்கிழமை கைத்தொலைபேசியில் கழுத்துக் கட்டியைப் பற்றி வாசிக்கப் போய், இரண்டு பக்கத்துக்குமேல் தாங்க முடியாமல், மனதைத் திருப்பப் பெயர்களைப் பற்றி வாசித்தேன். ஐஸ்லாந்திலும் எங்களைப் போலத் தகப்பன் பெயர்தானாம். ஆனால் அங்கே அதைப் பின்னால் போட்டு, தொலைபேசிப் புத்தகத்தைச் சொந்தப் பெயர் வரிசையில் அச்சிடுவார்களாம். புத்திசாலிகள். ஸ்பெயினில் தகப்பன் வழிப் பெயர் ஒன்று, தாய் வழிப் பெயர் ஒன்று என்று இரண்டையும் சுமக்கிறார்கள். எங்கள் கந்தோரில் வேலை செய்யும் சிங்களவருக்கு, அவர் கண்ணாலும் காணாத ஏதோ ஒரு மூதாதையின் வீட்டுப் பெயர் முன்னால் நிற்கிறது. இப்படியே சற்று ஆறுதலாகப் போய்க்கொண்டிருந்தபோது அந்த வரி வந்தது. ஐரோப்பிய யூதர்களில் ஒரு சாரார், உயிரோடிருக்கும் உறவினரின் பெயரைக் குழந்தைக்கு வைப்பதில்லையாம். உயிரை எடுக்க வரும் தூதன் பெயரைப் பார்த்து ஆள் மாறிவிடுவான் என்று பயமாம்.

கைத்தொலைபேசியைக் கவிழ்த்து வைத்தேன். எதிரே பல்கனியில் அப்பா பழைய பேப்பரை விரித்து, அதன்மேல் காலை வைத்து நகம் வெட்டிக்கொண்டிருந்தார். அவருக்கு ஒன்றும் தெரியாது என்றுதான் நினைத்திருந்தேன். அந்த வளைந்த முதுகைப் பார்த்துக்கொண்டே, அது அவருடையதாக இருக்கட்டும், முருகா, என்று கும்பிட்டேன்.

என்னை அறியாமல் வந்த நினைப்பு என்று சொல்லித் தப்ப முடியாது. ஒருமுறை அல்ல, அன்று முழுவதும் கும்பிட்டேன். எழுபத்தாறு வயது, பேரப்பிள்ளையும் கண்டுவிட்டார் என்று கடவுளுக்கு நியாயம் எடுத்துச் சொன்னேன். மத்தியானம் அவருடைய சோற்றுக் கோப்பையில் இரண்டு மீன் துண்டு கூடுதலாக வைத்தேன். "என்னடா, எனக்கு மட்டும் விசேஷம்?" என்று அவர் சிரித்தார். எனக்குச் சோறு இறங்கவில்லை.

திங்கட்கிழமை இரண்டு பேரும் ஓட்டோவில் போனோம். ரிப்போர்ட் வந்துவிட்டது என்று மட்டும் அவருக்குச் சொல்லியிருந்தேன். டொக்டர் தமிழ் பேசும் முஸ்லிம், பொறுமையான மனிதர். நான் உட்காரும் முன்னமே நேர்ஸ் சொன்ன பெயர் யாருடையது என்று கேட்டுவிட்டேன். அவர் இரண்டு உறைகளையும் பிரித்து, வயதைப் பார்த்து, ஒவ்வொருவர் முன்னாலும் ஒன்றாக வைத்தார்.

"உங்களுக்கு ஒண்டுமில்ல. வெறும் தண்ணிக் கட்டி" என்று என்னிடம் சொன்னார். பிறகு கதிரையை அப்பா பக்கம் திருப்பினார். "ஐயாட ரிப்போர்ட்தான் சரியில்ல. கென்சர் செல் இருக்கு. கெதியா ஒபரேஷன் செய்யோணும். அதுக்குப் பிறகுதான் மிச்சத்தைச் சொல்லலாம்."

முதலில் எனக்குள் வந்தது சந்தோஷம். அதை மறைக்கக் குனிந்துகொண்டேன்.

"மகன்ர ரிப்போர்ட்டில ஒண்டுமில்லைத்தானே?" என்று அப்பா கேட்டார். "இன்னொருக்கா வடிவாப் பாத்துச் சொல்லுங்கோ, டொக்டர்."

டொக்டர் மறுபடி பார்த்துவிட்டு, ஒன்றுமில்லை என்றார்.

"நல்லகாலம்" என்றார் அப்பா. "மூண்டு நாளாக் கும்பிட்டுக்கொண்டிருந்தனான், அது என்ரதா இருக்கவேணும் எண்டு."

"உங்களுக்கு எப்பிடித் தெரியும்?"

"அந்த அறைக் கதவு ஒரு கதவே? நீயும் மருமகளும் கதைச்சது முழுக்கக் கேட்டது."

நான் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதேன். டொக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அப்பா கதிரையை இழுத்துக்கொண்டு கிட்ட வந்து என் முதுகைத் தடவினார். "அழாதையடா. எனக்கென்ன, வயசு போட்டுது" என்றார். நானும் அதையேதான் கும்பிட்டேன் என்று சொல்ல வாய் வரவில்லை. அவருக்காக அழுகிறேன் என்று நினைத்து அவர் தடவிக்கொண்டே இருந்தார். நான் தடவ விட்டேன்.