சுபத்திரா டீச்சர் மாற்றிய ஒரு சொல்

சுபத்திரா டீச்சரின் ஆய்வேட்டைப் பரீட்சகர்கள் இருவர் ஒரேயொரு சொல்லுக்காகத் திருப்பி அனுப்பினார்கள். அது அநியாயம். அதற்குப் பதில் எழுதிக்கொண்டிருந்தபோதுதான் அவருக்கு டெங்கு கண்டது. ஆஸ்பத்திரியிலிருந்து அவருடைய தங்கை அழைத்து, "மாமா, அக்கா போயிட்டாங்க" என்றாள். "பதிலை அனுப்பியாச்சா?" என்று கேட்டுவிட்டேன். அப்படிக் கேட்டதை நினைத்தால் இன்றும் கூசுகிறது.

அவரோடு பல்கலைக்கழகத்தில் படித்த நீங்கள் அவரைத் திகனப் பள்ளியின் விளையாட்டு டீச்சராகவும் அறிவீர்கள். நாற்பது வயதுக்கு மேல் பல்கலைக்கழகத்தில் உடற்பயிற்சி உடலியல் படிக்கச் சேர்ந்தார். நான் ஹந்தானைத் தேயிலைத் தோட்டத்து டிஸ்பென்சரியில் காயம் கட்டி ஓய்ந்தவன். பழைய உடலியல் நூல்களை அகராதியை வைத்துக்கொண்டு வாசித்தவன். "பட்டம் இல்லாட்டி என்ன மாமா, அதான் வாய் இருக்கே" என்பார்.

தேயிலைக் கொழுந்துச் சுமையோடு மலையேறும் பெண்களின் இதயத் துடிப்பை அளப்பதே அவருடைய ஆய்வு. ஏறுபவரின் நெஞ்சில் துடிப்பை அளக்கும் ஒரு பட்டி கட்டுவார். பிறகு ஆறு முதல் இருபது வரை எண்கள் போட்ட, ஆங்கிலத்திலிருந்து தமிழாக்கிய களைப்பு அட்டையை நீட்டுவார். ஆறு என்றால் களைப்பே இல்லை, இருபது என்றால் இனி முடியாது. எவ்வளவு களைப்பு என்பதை ஏறியவரே விரல் வைத்துக் காட்ட வேண்டும். துடிப்பு கூடினால் எண்ணும் கூடும் என்பது பாடம்.

மலைப்பாதையின் மூன்றாம் வளைவில், கொழுந்து பறிக்கும் மாரியாயி நின்றார். நெஞ்சு ஏறி இறங்கியது. "களைப்பா? அதெல்லாம் ஒண்ணுமில்லைங்க டீச்சர்" என்று ஆறில் விரலை வைத்தார். பின்னால் வந்தவர்களும் ஆறு, ஏழு என்றே காட்டினார்கள்.

பழக்கத்தால் இவர்களுக்குக் களைப்பே தெரிவதில்லை என்று டீச்சர் எழுதினார். அது அவர் செய்த பிழை. எனக்குக் கோபம் தலைக்கேறியது.

"களைப்புன்னு சொன்னா அரைப்பேர் போட்டு லயத்து வீட்டுக்கு அனுப்பிருவாங்க. அரைநாள் சம்பளம் போயிரும். டீச்சரம்மாவுக்கு அந்தப் பயம் எங்க தெரியப் போகுது?"

இரண்டு வாரம் நான் அவரோடு பேசவில்லை. அவரே வந்தார். "சண்டை போதும். வேற சொல்லு சொல்லுங்க மாமா."

"எளைப்பு" என்றேன். மூச்சு வாங்குவதை எங்கள் பெண்கள் அப்படித்தான் சொல்வார்கள். அதற்கு யாரும் அரைப்பேர் போடுவதில்லை; அதைச் சொல்ல அவர்களுக்குப் பயமில்லை.

மறுநாள் அதே வளைவில் டீச்சர் கேட்டார்: "எளைக்குதா?"

"எளைக்காம? இந்த ஏத்தத்துல எருமைக்கும் எளைக்கும்! இதக் கேக்கத்தான் இம்புட்டுப் படிச்சீங்களா?" மாரியாயியின் விரல் பதினேழில் நின்றது. டீச்சர் சிரித்தபடியே அட்டையில் 'களைப்பு' என்பதை அடித்து 'இளைப்பு' என்று எழுதினார். எல்லாரையும் முதலிலிருந்து அளந்தார்.

அங்கீகரித்த மொழிபெயர்ப்பை மாற்றக்கூடாது, பழைய அட்டையை வைத்து மறுபடி அளக்க வேண்டும் என்று பரீட்சகர்களின் கடிதம் வந்தது. அந்த விதியை நானும் வாசித்திருக்கிறேன். "கேள்வி பிழைன்னா நம்பரும் பிழைதான் மாமா. நான் மாத்த மாட்டேன்" என்றார். மாணவி இறந்ததால் கோப்பு மூடப்பட்டது என்கிறார்கள் இப்போது.

அந்தக் கோப்பைப் பல்கலைக்கழகத் திணைக்களம் திறக்க வேண்டும். முடிக்காத அந்தப் பதிலை அவருடைய மேற்பார்வையாளர் முடித்து அனுப்ப வேண்டும். திருப்பி அனுப்பிய பரீட்சகர் இருவரும் ஒரு முறையாவது கொழுந்துச் சுமையோடு மூன்றாம் வளைவு வரை ஏற வேண்டும். அவரோடு படித்த நீங்கள் வாயைத் திறக்க வேண்டும், மலர்வளையம் போதாது.

அடித்து எழுதிய அட்டை என்னிடம் இருக்கிறது. கேட்டாலும் கொடுக்க மாட்டேன். சனிக்கிழமைகளில் அதைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு தனியாக மூன்றாம் வளைவு வரை ஏறுகிறேன். அங்கே நின்று அட்டையை எடுத்து நானே விரல் வைக்கிறேன். கேட்கத்தான் ஆளில்லை.

இளைக்கிறது, டீச்சர். பதினேழு.