சங்கிலியின் கடைசி அறை

பத்திரிகைத் தாளில் சுற்றியிருந்த ஒரு பீங்கான் கோப்பையைத்தான் நான் முதலில் கவனித்தேன். அதற்குரியவரின் முகத்தைப் பிறகுதான் பார்த்தேன். மரப்பெட்டிக்குள்ளிருந்து ஒரு கை அதை எடுத்து, வெங்காயம் உரிப்பதுபோலத் தாளைப் பிரித்து, மேசையில் வைத்துக் கோப்பி ஊற்றியது. நாங்கள் குடித்து முடித்ததும் கழுவித் துடைத்து, அதே தாளில் அதே மடிப்பின்படி சுற்றிப் பெட்டிக்குள் வைத்தது. வீட்டை விற்க ஒப்புக்கொண்டு, எல்லாவற்றையும் கட்டி வைத்துவிட்டு, போகவேண்டிய இடம் காலியாகாததால் பெட்டிகளுக்கு நடுவே மாதக்கணக்கில் குடியிருந்த ஒரு பெண்ணின் கை அது. நாங்கள் அவரை மதாம் என்று அழைத்தோம். அந்த ஊரில் எல்லாப் பெண்களும் மதாம்தான்; ஆனால் எங்கள் வீட்டில் இன்றைக்கும் மதாம் என்றால் அவர் ஒருவர்தான்.

எண்பதுகளின் நடுப்பகுதி. பிரெஞ்சு பேசும் மலையூரான லா ஷோ-து-ஃபோனில், கைக்கடிகாரங்களின் உறைகளை மினுக்கும் தொழிற்சாலை ஒன்றில் எனக்கு வேலை கிடைத்திருந்தது. யாழ்ப்பாணத்து வெயிலில் வளர்ந்தவனுக்கு அந்த ஊர் ஒரு தண்டனைபோலத்தான் முதலில் பட்டது. கார்த்திகையில் விழத் தொடங்கிய பனி சித்திரை பிறந்தும் போகாது. தெருவோரத்தில் தள்ளிக் குவித்த பனிக்குள் கார்கள் காணாமற்போகும். நானும் மனைவியும் ஒரு கபேக்கு மேலே ஒற்றை அறையில் இருந்தோம். மூலையில் ஒரு மின்னடுப்பு, ஒரு கட்டில், கபேயிலிருந்து ஏறிவரும் சிகரெட் புகை. மனைவி பிள்ளைத்தாச்சி. கபேக்காரர் நல்ல மனிதர்தான், ஆனால் ஒன்றைத் தெளிவாகச் சொல்லியிருந்தார்: அறை இரண்டு பேருக்கு, குழந்தை பிறந்தால் அங்கே இருக்க முடியாது. அகதி விண்ணப்பத்துக்கு முடிவே வராத ஒரு தமிழனுக்கு யார் வீடு தருவார்கள்? கதவைத் திறந்து என் நிறத்தைப் பார்த்ததுமே வீடு போய்விட்டது என்று சொன்னவர்கள் அனேகம்.

எங்களுக்கு இருந்த ஒரே நம்பிக்கை, என் வேலைத்தலத்து மேற்பார்வையாளர். எல்லாரும் அவரை ஷெஃப் என்பார்கள். கோபக்காரர், ஆனால் சொன்ன சொல் மாறாதவர். தான் குடியிருந்த வாடகை வீட்டை எங்களுக்கு எடுத்துத் தருவதாக வீட்டுக்காரரிடம் பேசி முடித்திருந்தார். அவர் மதாமின் வீட்டை வாங்குகிறார். அவர் அங்கே போனால் அவருடைய வாடகை வீடு எங்களுக்கு. மதாம் போகவேண்டியது கீழே ஏரிக்கரை ஊரில் அவர் வாங்கவிருந்த ஒரு சிறிய குடியிருப்புக்கு. அதன் நேர் எதிரே இருந்த முதியோர் இல்லத்தில் அவருடைய அக்கா நோயாளியாகப் படுத்திருந்தார். அந்தக் குடியிருப்பின் சொந்தக்காரரோ இன்னொரு வீட்டை வாங்கக் காத்திருந்தார். அந்த வீட்டுக்குப் பல வாரிசுகள். அதில் ஒருவர் கனடாவில். அவருடைய கையெழுத்து வந்துசேரவில்லை. இவ்வளவையும் ஷெஃப் ஒரு கடதாசியில் அம்புக்குறி போட்டு எனக்கு விளங்கப்படுத்தியபோது தலை சுற்றியது. முகம் தெரியாத ஒரு மனிதர் எங்கோ ஒரு பேனையை எடுத்தால்தான் என் பிள்ளை படுக்க இடம். அந்த நினைப்பு என்னைப் பயமுறுத்தியது. கொஞ்சம் மலைக்கவும் வைத்தது.

அறைகளை அளப்பதற்கு ஷெஃப் என்னைக் கூட்டிக்கொண்டு போன அன்றுதான் அந்தக் கோப்பையில் கோப்பி குடித்தேன். புறப்படும்போதுதான் வினை வந்தது. எங்கள் ஊரில் ஒரு வீட்டிலிருந்து இறங்குகிறவர் 'போறன்' என்று சொல்லமாட்டார். அது அபசகுனம், 'போட்டு வாறன்' என்றுதான் சொல்லவேண்டும். பிரெஞ்சில் விடைபெறுகிற சொல்லை எனக்குப் படிப்பித்துத்தான் இருந்தார்கள். ஆனால் அது என் நாக்கில் ஒட்டவில்லை. 'வாறன்' என்று சொல்லாமல் படியிறங்க மனம் கூசியது. ஆகவே எனக்குத் தெரிந்த பிரெஞ்சைத் திரட்டி, மிகுந்த மரியாதையோடு, "ஜு ரெவியன், மதாம்" என்றேன். நான் திரும்பி வருகிறேன் என்று அர்த்தம். மதாம் ஒரு கணம் என்னைப் பார்த்துவிட்டுத் தலையாட்டினார்.

அடுத்த நாள் ஷெஃப் என் இயந்திரத்தடியில் வந்து நின்று சத்தம் போட்டார். நான் எதையோ மறந்துவிட்டுப் போகிறேன், எடுக்க உடனே திரும்பி வருவேன் என்று நினைத்து மதாம் கதவைப் பூட்டாமல் இருட்டும்வரை காத்திருந்தாராம். கோப்பியையும் இரண்டு தரம் சுடவைத்தாராம். எனக்கு வெட்கத்தில் நிலம் பிளந்தால் போதும் என்றிருந்தது. அறைக்கு வந்து மனைவியிடம் சொன்னேன். அவள் சிரிக்கவில்லை.

"வாறன் எண்டு சொல்லிப்போட்டுப் போகாமல் விட்டால் அந்த மனிசி என்ன நினைக்கும்? சனிக்கிழமை ரெண்டு பேருமாப் போவம்."

"போய் என்னெண்டு சொல்லுறது? எனக்கு அவ்வளவு பிரெஞ்சு வராது."

"நீங்கள் ஒண்டும் சொல்ல வேண்டாம். வாறன் எண்டனீங்கள்தானே, வந்திட்டம். அவ்வளவுதான்."

அப்படித்தான் போனோம். மதாம் மனைவியின் வயிற்றைப் பார்த்தார், பிறகு பெட்டியைத் திறந்தார். அரைகுறை பிரெஞ்சில் நான் எங்கள் 'போட்டு வாறன்' கதையைச் சொல்லி முடித்தபோது அவருக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டார். எல்லாம் விளங்கியது என்று சொன்னார். ஆனால் நாங்கள் புறப்படும்போது என் பாழாய்ப்போன வாய் மறுபடியும் "ஜு ரெவியன்" என்றது. அடுத்த சனிக்கிழமை போனபோது எங்கள் இரண்டு கோப்பைகளும் பெட்டிக்கு வெளியே இருந்தன. அவற்றை அவர் திரும்பச் சுற்றி வைக்கவேயில்லை.

அந்தப் பனிக்காலம் முழுக்கக் காரியம் சவ்வாய் இழுபட்டது. வீட்டுப் பத்திரம் எழுதும் நொத்தாரிசுவின் கந்தோரிலிருந்து தொலைபேசி வரும். அடுத்த கிழமை என்பார்கள். அடுத்த கிழமை வந்தால் அதற்கடுத்த கிழமை என்பார்கள். ஷெஃப் சுவரில் தலையை அடிக்காத குறை. ஏரிக்கரைக் குடியிருப்புக்காரர் யாருடைய அழைப்பையும் எடுப்பதில்லை என்று கேள்வி. நான் மினுக்குகிற உறைகளில் கீறல் விழத் தொடங்கியது. மதாம் மட்டும் ஒரு நாளும் புறுபுறுக்கவில்லை. கதிரைகளைக் கட்டி வைத்துவிட்டதால் பெட்டிமேல் உட்கார்ந்து பின்னினார். சட்டி பானை கட்டுப்பட்டுக் கிடந்ததால் ஒரேயொரு சட்டியில் சூப்பு வைத்தார். ஞாயிறுதோறும் ரயிலேறி அக்காவைப் பார்க்கப் போனார். அக்கா ஒவ்வொரு முறையும் கேட்பது ஒரே கேள்வியாம்: எப்போது வருகிறாய்? சீக்கிரம் என்று சொல்லிவிட்டுத் திரும்பி வருவாராம். அதைச் சொல்லும்போது மட்டும் அவருடைய பின்னல் ஊசி நிற்கும். தான் போய்ச் சேருமுன்னே அக்காவின் நாள் முடிந்துவிடுமோ என்ற பயம் அவருக்கு இருந்தது. எங்களுக்கும் பிரசவ நாள் நெருங்கிக்கொண்டிருந்தது. எனக்கென்னவோ அந்த வீட்டுக்குள் போனால்தான் மூச்சு சீராக வந்தது.

கடைசியில் ஷெஃப் பொறுமையிழந்தார். இந்த வீடு வேண்டாம், வீடு வாங்கும் யோசனையே வேண்டாம், இருக்கிற வாடகை வீட்டிலேயே இருந்துவிடுகிறேன் என்று ஒரு வெள்ளிக்கிழமை அறிவித்துவிட்டார். அவர் விலகினால் மதாமின் வீடு விலைப்படாது. விலைப்படாவிட்டால் ஏரிக்கரைக் குடியிருப்பு அவருக்கு இல்லை. எங்களுக்கும் எதுவும் இல்லை. அன்று மனைவி கட்டிலில் உட்கார்ந்து குழந்தைக்கென்று தைத்த சட்டைகளை மடித்துக்கொண்டிருந்தாள். நான் சொன்னதைக் கேட்டும் மடிப்பதை நிறுத்தவில்லை.

"நாளைக்குச் சனிக்கிழமை. மதாம் வீட்டை போகவேணும்," என்றாள்.

மதாமுக்குச் செய்தி தெரிந்திருந்தது. கோப்பி ஊற்றினார். பிறகு, ஏதோ காலநிலையைப் பற்றிக் கேட்பதுபோல, எங்கள் அறையைப் பற்றிக் கேட்டார். எத்தனையாம் மாடி? யன்னல் தெருப்பக்கமா? வெதுவெதுப்பாக இருக்குமா? எங்கள் மேலுள்ள அக்கறையில் கேட்கிறார் என்று நினைத்து ஒவ்வொன்றாகச் சொன்னேன். அவர் கோப்பையை வைத்துவிட்டு ஒன்று சொன்னார். என் பிரெஞ்சில்தான் பிழை என்று நினைத்து மறுபடியும் சொல்லச் சொன்னேன். அதையே இன்னும் மெதுவாகச் சொன்னார்.

"என்னவாம்?" என்று மனைவி என் கையைச் சுரண்டினாள்.

"ஷெஃப் இஞ்ச வரட்டாம். நாங்கள் ஷெஃப்பின்ர வீட்டை போகட்டாம். அப்ப எங்கட அறை வெறுமையாத்தானே கிடக்கும், அதுக்குத் தான் வாறாவாம். கனடாக்காரன் கையெழுத்து வைக்குமட்டும்."

"எங்கட அறைக்கோ? இந்த மனிசியோ?"

"ஓம். எங்கட அறைக்குத்தான்."

நாங்கள் எல்லாரும், நொத்தாரிசு உட்பட, அந்தச் சங்கிலியில் மேலேயே பார்த்துக்கொண்டிருந்தோம். நான் ஷெஃப்பைப் பார்த்தேன், ஷெஃப் மதாமைப் பார்த்தார், மதாம் ஏரிக்கரையைப் பார்த்தார், ஏரிக்கரை கனடாவைப் பார்த்தது. மேலே ஒரு கதவு திறந்தால் கீழே எல்லாம் திறக்கும் என்பதே எங்கள் கணக்கு. கீழே, சங்கிலியின் கடைசியில், புகை மணக்கும் ஒரு அகதியின் அறை காலியாகப் போகிறது என்பது ஒருவருக்கும் உறைக்கவில்லை. உறைத்திருந்தாலும், தோட்டமும் இரண்டு மாடியும் உள்ள சொந்த வீட்டை விட்டிறங்கி அந்த அறைக்குள் வந்து படுக்க யாருக்கு மனம் வரும்? அவருக்கு வந்தது. பெரிய தியாகம் செய்வதான பாவனை அவர் முகத்தில் துளியும் இல்லை. அக்காவிடம் போய்ச் சேரவேண்டும், அதற்கு வீடு விலைப்படவேண்டும், எங்கள் பிள்ளைக்கு இடம் வேண்டும், இதுதான் வழி. அவ்வளவுதான். ஷெஃப் இதைக் கேட்டுத் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நின்றதை நான் பார்த்தேன். மதாமின் சாமான்களை அந்த வீட்டு நிலவறையிலேயே வைத்திருக்கத் தானே முன்வந்தார்.

பனி உருகும் நேரத்தில் கனடாவிலிருந்து கையெழுத்து வந்தது. மதாம் ஏரிக்கரைக்குப் போனார். அக்கா உயிரோடு இருந்தார். நீண்ட காலம் இரண்டு பேரும் எதிரெதிர் யன்னல்களில் கையசைத்துக்கொண்டு வாழ்ந்தார்கள். ஷெஃப்பின் பழைய வீட்டில் பிறந்து வளர்ந்த என் மகள் இப்போது ஃப்ரிபூர்க்கில் ஒரு வீடு வாங்கிக்கொண்டிருக்கிறாள். விற்கிறவர்கள் இன்னும் போகவில்லை, அவர்கள் போகவேண்டிய வீடு முடியவில்லை என்று ஒவ்வொரு நாளும் தொலைபேசியில் பொரிந்து தள்ளுகிறாள். பாவம், அவளுக்குக் கோபம் வரத்தான் செய்யும். எனக்கோ அவள் பேசப் பேச, நாங்கள் அறை மாறிய அந்தக் காலைதான் கண்முன் வருகிறது.

அன்று மனைவி விடியவே எழுந்து அறையைக் கழுவித் துடைத்தாள். இந்த நாட்டில் ஒரு வீட்டை ஒப்படைக்கும்போது தூசு தும்பு இருக்கக்கூடாது என்று யாரோ அவளைப் பயமுறுத்தியிருந்தார்கள். அடுப்பைத் தேய்த்த தேய்ப்பில் அதில் முகம் பார்க்கலாம். எல்லாம் முடிந்தபிறகு ஒரு சின்னச் சட்டியில் பாலை ஊற்றி அதே அடுப்பில் வைத்தாள்.

"இஞ்சரும், பாலை நாங்கள் போற வீட்டிலயல்லோ காய்ச்ச வேணும்?" என்றேன்.

"அது பிறகு. இது மதாம் குடிபூருற வீடு. அவவுக்கு ஆர் காய்ச்சுறது?"

மதாம் ஒரு பெட்டியோடு மூச்சு வாங்கப் படியேறி வந்து நின்றதும், பால் நுரைத்து மேலெழுந்ததும் ஒரே நேரம். "பால்! பால்!" என்று பிரெஞ்சில் கத்திக்கொண்டு ஓடிவந்தவர் சட்டியைப் பறித்து இறக்கி யன்னலடியில் வைத்தார். எங்களைக் காப்பாற்றிவிட்ட பெருமையோடு திரும்பினார். மனைவி என் சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

"ஐயோ, பொங்க முதல் இறக்கிப்போட்டாவே! இனி என்ன செய்யிறது?"

நான் தடுமாறித் தடுமாறி விளங்கப்படுத்தினேன். எங்களிடத்தில் புதுவீட்டுக்குள் போகிறவர்கள் பால் காய்ச்சவேண்டும். அது பொங்கி வழியவேண்டும். வழிந்தால்தான் அந்த வீட்டில் குறைவிருக்காது. இது உங்களுக்காக வைத்த பால். மதாம் சட்டியைப் பார்த்தார், மனைவியைப் பார்த்தார், பளிங்குபோலக் கிடந்த அடுப்பைக் கொஞ்சம் அதிக நேரம் பார்த்தார். பிறகு சட்டியைத் தானே எடுத்து அடுப்பில் வைத்தார். குமிழைக் கடைசிவரை திருப்பினார். பழக்கதோஷத்தில் கை போய்விடக்கூடாது என்பதற்காக இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார். பால் எழுந்தது, விளிம்பைத் தாண்டியது, சுரீரென்று அடுப்பெல்லாம் ஓடிக் கருகியது. அவர் அசையவில்லை.

மனைவி துணியை எடுத்துக்கொண்டு குனியப் போனாள். மதாம் அவளைத் தோளில் பிடித்து நிமிர்த்தி, துணியை வாங்கிக்கொண்டார்.

"இது என் வீடு, நான் துடைப்பேன்," என்றார். "நீங்கள் உங்கள் வீட்டுக்குப் போங்கள். அங்கேயும் பால் வழியவேண்டுமே."